சில்லு, பீனிசம், பெருக்கு

மூக்கிலிருந்து இரத்தம் வந்தால் தமிழ்நாட்டில் 'சில்லுமூக்கு உடைந்துவிட்டது' என்பார்கள். வன்னியில் அப்படிச் சொன்னால் சைக்கிள் சில்லுத்தான் நினைவுக்கு வரும். ஈழத்தில் சில்லு என்றால் சக்கரம். தமிழ்நாட்டில் சில்லு என்பது தேங்காய்ச் சில்லு, ஓட்டுச் சில்லு போன்ற தட்டையான துண்டு. மூக்கின் நடுச்சுவரில் தகடாக நிற்கும் குருத்தெலும்பைக் கண்டே அந்தப் பெயரை வைத்திருப்பார்கள் என்று எண்ணுகிறேன். ஆனால் உடைவது அந்தத் தகடல்ல, அதன்மேல் போர்த்திய சவ்வில் ஓடும் நுண்குழாய். நடுச்சுவரின் முன்பகுதியில் அவை பின்னிக்கிடக்கும் இடத்தை 1879இல் அமெரிக்கரான லிட்டிலும், 1884இல் ஜேர்மானியரான கீசல்பாக்கும் விவரித்தார்கள். பெரும்பாலும் இரத்தம் அங்கிருந்துதான் வருகிறது. சோழகம் வீசி மூக்கு வறண்டு, பிள்ளை விரலால் நோண்டினாலே போதும்.

நாட்டு வைத்தியர் வாயில் வருவது 'பீனிசம்'. வடமொழிப் 'பீனச'த்திலிருந்து வந்த சொல். சுசுருதரின் நூலிலேயே உண்டு. சளி, தும்மல், மூக்கடைப்பு எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு, இரத்தம் கலந்தால் 'இரத்தப் பீனிசம்' ஆகிறது.

இலங்கையின் மருத்துவத் தமிழ் எடுத்துக்கொண்டது 'குருதி'யை; இரத்தம் வடிவது அதில் 'குருதிப்பெருக்கு'. தமிழ்நாட்டின் இரத்த வங்கி இங்கே குருதி வங்கி. இரத்த அழுத்தம், குருதி அமுக்கம். குறுந்தொகையின் முதற்பாட்டில் காந்தளுக்கு, அதாவது வன்னிக் காடுகளில் பூக்கும் கார்த்திகைப்பூவுக்கு, அடையாக வந்த பழஞ்சொல் ஆசுப்பத்திரித் தாளில் உயிரோடிருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. வாயிற் புழங்குவது என்னவோ 'மூக்கால ரத்தம் ஓடுது' என்பதுதான்.

இந்தப் பெயர்களில் 'குருதிப்பெருக்கு' ஒன்றே நோயை மூக்கோடு கட்டிப்போடவில்லை. ஆசுப்பத்திரி விடுதியில் படுத்திருப்பவருக்கு அது முக்கியம். ஒட்சிசன் குழாய் மூக்கைக் காயவைத்திருக்கலாம், மூக்கால் விட்ட உணவூட்டும் குழாய் உரசியிருக்கலாம், இதயத்துக்குக் கொடுத்த அஸ்பிரினோ வார்பரினோ இரத்தத்தை உறையவிடாதிருக்கலாம். டெங்கில் குருதிச் சிறுதட்டுகள் குறையும். வயலில் கண்ணாடிப் புடையன் கடித்தவரின் இரத்தம் உறையும் திறனையே இழக்கிறது. அவருடைய இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் தேவை பாம்பு விச முறிப்பு மருந்து. மூக்கை எவ்வளவு அடைத்தாலும் அதற்கு ஈடாகாது.

சாதாரணக் கசிவுக்குக் கைவைத்தியம் எளிது. நிமிர்ந்திருந்து, முன்னே சற்றுக் குனிந்து, மூக்கின் மென்பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்தி, வாயால் மூச்சுவிட வேண்டும். தலையை அண்ணாந்து வைக்கும் பழக்கம் கூடாது. இரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும், மூச்சுக்குழாய்க்குள்ளும் போகும். நிற்காவிட்டால் வெள்ளி நைத்திரேற்றால் நாளத்தைச் சுடுவார்கள், அல்லது மூக்கினுள் துணிச்சுருள் வைத்து அடைப்பார்கள். முதியவருக்குப் பின்புறத்திலிருந்து பாய்ந்தால், பலூன் வைத்த குழாயை உள்ளே செலுத்தி ஊதவும் நேரும்.

மூக்கை அழுத்திப் பிடித்திருக்கும்போதே நோயாளியிடம் கேட்கவேண்டியவை உண்டு: முரசாலயும் ரத்தம் வருதோ? சலம் சிவப்பாப் போகுதோ? என்ன குளிசை குடிக்கிறியள்?