விங்சூட் பறத்தல்

விங்சூட் பறத்தல் என்பது விமானத்திலிருந்தோ மலைமுகட்டிலிருந்தோ குதித்து, துணிச் சிறகுகள் தைத்த உடையின் துணையால் காற்றில் சறுக்கிப் பறக்கும் வான்விளையாட்டு. கைகளுக்கும் விலாவுக்கும் இடையில் இரண்டு சிறகுகள், கால்களுக்கு நடுவே ஒன்று என மூன்று பரப்புகள் இந்த உடையில் உண்டு. எஞ்சின் கிடையாது. பறப்பவர் மேலே ஏறுவதில்லை. கையிலிருக்கும் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துத் தூரத்தை வாங்குகிறார். கடைசியில் பாராசூட்டை விரித்துத் தரை இறங்குகிறார்.

வயிறு கீழ்நோக்கி இருக்க விழும் சாதாரண ஸ்கைடைவர் மணிக்கு ஏறத்தாழ 190 கி.மீ. வேகத்தில் கீழே வருவார். விங்சூட் அணிந்தவரின் இறங்குவேகம் அதில் பாதிக்கும் கீழே குறையும். முன்னோக்கிய வேகம் மணிக்கு 150 கி.மீ.யைத் தாண்டும். ஒரு மீட்டர் இறங்கும்போது இரண்டரை மீட்டர் முன்னேறுவது தேர்ந்தவர்களுக்கு இயல்பான கணக்கு. விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சியை அடுத்த வல்லம் வட்டாரத்துக்கு மேலே 4,000 மீட்டர் உயரத்தில் ஒருவர் விமானத்தை விட்டு வெளியேறி, 1,200 மீட்டரில் பாராசூட்டை விரிக்கிறார் என்று கொள்வோம். வெறுமனே விழுந்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பயணம் இது. விங்சூட்டில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நீளும்; 7 கி.மீ. தூரம் காலடியில் கடந்துபோகும்.

இமயத்தில் விங்சூட்

இந்த விளையாட்டின் வரலாற்றில் இந்தியாவுக்கு ஒரு பெரிய இடம் உண்டு; அந்த இடம் உத்தராகண்டின் கர்வால் இமயத்தில், கங்கோத்ரி பனியாற்றுப் பகுதியில் இருக்கிறது. 2006 மே மாதம் ஆஸ்திரேலியத் தம்பதியான கிளென் சிங்கிள்மனும் ஹீதர் ஸ்வானும் அங்குள்ள மேரு சிகரத்தில் ஏறி, 6,604 மீட்டர் உயரத்திலிருந்து விங்சூட்டில் குதித்தார்கள். நிலையான ஓரிடத்திலிருந்து அதற்குமுன் யாரும் அவ்வளவு உயரத்தில் குதித்ததில்லை. சிங்கிள்மன் மருத்துவர். 1992-இல் பாகிஸ்தானின் டிராங்கோ கோபுரத்திலிருந்து நிக் ஃபெட்டரிஸுடன் குதித்து, உயரச் சாதனை ஒன்றை ஏற்கெனவே படைத்திருந்தவர்.

ஆறு ஆண்டு கழித்து, 2012 மே மாதம், ரஷ்யாவின் வலேரி ரோசோவ் மேருவுக்குப் பக்கத்திலேயே நிற்கும் சிவலிங்கச் சிகரத்திலிருந்து, ஏறத்தாழ 6,400 மீட்டர் உயரத்தில் குதித்தார். அடுத்த ஆண்டு மே 5 அன்று எவரெஸ்ட் தொகுதியைச் சேர்ந்த சாங்ட்சேயின் 7,220 மீட்டர் உயரத்திலிருந்தும், 2016-இல் சோ ஓயுவின் 7,700 மீட்டர் உயரத்திலிருந்தும் அவர் பறந்தார். 2017 நவம்பரில் நேபாளத்தின் அமா டப்லாமில் நடந்த குதிப்பில் உயிரிழந்தார்.

இமயத்தில் குதிப்பது ஏன் இத்தனை கடினம்? ஏற்றத்தின் களைப்பும் குளிரும் ஒருபுறம். அதைவிடப் பெரிய தடை காற்றின் அடர்த்திக் குறைவு. 6,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். சிறகைத் தூக்கிப்பிடிக்கும் விசை அந்த அடர்த்தியைப் பொறுத்தது. அது பாதியானால், அதே தூக்குவிசையைப் பெற ஏறத்தாழ 1.4 மடங்கு வேகம் வேண்டும். விமானத்திலிருந்து குதிப்பவருக்கு அதன் வேகமே முதல் காற்றைத் தந்துவிடும். பாறை விளிம்பில் நிற்பவரின் தொடக்க வேகம் பூஜ்யம். முதல் நான்கு வினாடியில் அவர் 70 மீட்டருக்கு மேல் நேர்கீழாக விழுவார்; அதற்குப் பிறகே உடை காற்றை வாங்கிப் பறக்கத் தொடங்கும். அடர்த்தி குறைந்த காற்றில் இந்த வெற்று வீழ்ச்சி இன்னும் நீளும். ஆகவே சிகர உச்சியைவிட, கீழே தடையில்லாத செங்குத்துச் சுவர் கிடைக்கும் இடத்தைத் தேடுவதே முதல் வேலை. சிவலிங்கத்தில் ரோசோவ் உச்சிக்குக் கீழிருந்து குதித்ததை இப்படித்தான் பார்க்க வேண்டும்.

உடை

பறக்கும் அணிலின் தோல்மடிப்பை நினைவூட்டும் இந்த உடை, வெறும் துணிப் படலம் அன்று. ஒவ்வொரு சிறகும் மேலும் கீழுமாக இரண்டு நைலான் பரப்புகள். இடையில் விலாவெலும்பு போல் தைத்த தடுப்புகள் அவற்றை அறைகளாகப் பிரிக்கும். முன்பக்கத் துளைகள் வழியே பாயும் காற்று அந்த அறைகளை உப்பவைத்து, சிறகுக்கு விறைப்பும் வளைவும் தரும். நவீன பாராசூட் உப்பி நிற்பதும் இதே முறையில்தான். மூன்று சிறகுகள் தனித்தனியாக உள்ளவை ஒரு வகை. உடல் முழுவதும் ஒரே சிறகாக இணைந்தவை மற்றொரு வகை. கைச்சிறகின் முன்விளிம்பு விறைப்பாக இருக்கச் சிலவற்றில் உள்ளே கூடுதல் திணிப்பும் வைக்கிறார்கள்.

பரப்பு பெரிதானால் பறக்கும் நேரமும் தூரமும் கூடும். கட்டுப்படுத்துவதோ அந்த அளவுக்குக் கடினமாகும். தொடக்கக்காரருக்குச் சிறிய சிறகு உடைதான் ஏற்றது. கையில் காசு இருக்கிறது என்பதற்காகப் பெரிய உடையை வாங்கி அணிவதைப் பயிற்சியாளர்கள் கடுமையாகத் தடுக்கிறார்கள். அவர்கள் செய்வது முழுக்கச் சரி. சிறிய உடை தவறை மன்னிக்கும். பெரிய உடையில் அதே தவறு நொடியில் சுழற்சியாக மாறும்.

பறக்கும் முறை

வெளியேறும் அந்த இரண்டு மூன்று வினாடிகள் விமானக் குதிப்பின் மிக ஆபத்தான பகுதிகளில் ஒன்று. கதவைத் தாண்டியதும் சிறகை விரித்தால், உடல் மேலே எழும்பி விமானத்தின் வால்பகுதியில் மோதக்கூடும். அதனால் சிறகுகளை மடக்கிக்கொண்டு வெளியேறி, விமானம் கடந்துசெல்லும்வரை காத்திருந்து, பிறகே விரிக்க வேண்டும். வால் தாழ்வாக அமைந்த விமானங்களில் இந்தக் கவனம் இரட்டிப்பாகிறது.

பறக்கும்போது உடலே கட்டுப்பாட்டுக் கருவி. தோளைச் சற்று முன்னுருட்டி, கால்களை நீட்டி, தலையை உடலின் கோட்டில் வைத்தால் சறுக்கல் நீளும். ஒரு தோளைத் தாழ்த்தினால் அந்தப் பக்கம் திரும்பும். மார்பைத் தாழ்த்தினால் வேகம் கூடும். இறங்குவதை மெதுவாக்கும் ஆசையில் முன்பக்கத்தை மேலும் மேலும் தூக்கினால் சிறகு காற்றை இழந்து சாயும். முறையான பறத்தலுக்கு முதலில் வேகம் வேண்டும், வேகத்திலிருந்துதான் தூக்குவிசை வரும் என்பதைப் புதியவர் உடலால் உணரச் சில பத்துக் குதிப்புகள் பிடிக்கும். கட்டுப்பாடு தவறித் தட்டையாகச் சுழலத் தொடங்கினால், கைகால்களை உள்ளிழுத்து உருண்டையாகச் சுருள வேண்டும். சிறகு மறைந்ததும் சுழற்சி குறைந்து உடல் சாதாரணமாக விழத் தொடங்கும். அதன்பிறகு மறுபடி விரிக்கலாம். உயரம் குறைந்திருந்தால் விரிப்பது பாராசூட்டையே.

வழிகணிப்பு தனிக் கலை. மற்ற ஸ்கைடைவர்கள் ஏறக்குறைய நேர்கீழே இறங்குவார்கள். விங்சூட்காரர் பல கி.மீ. நகர்வார். விமானப் பாதைக்குக் கீழே திரும்பி வந்தால், விரிந்துகொண்டிருக்கும் மற்றவரின் பாராசூட்டில் மோத நேரும். ஆகவே வழக்கமாக விங்சூட்காரர்கள் கடைசியில் குதித்து, முதலில் பக்கவாட்டில் விலகி, பிறகு திரும்பி, இறங்குதளத்தை நோக்கிப் பெட்டி வடிவில் சுற்றி வருகிறார்கள். காற்றின் திசையையும் வேகத்தையும் தரையிலேயே கணித்து, எங்கு திரும்புவது, எங்கு விரிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது கட்டாயம்.

பாராசூட்டை விரிக்கும் தருணத்தில் பறப்பவரின் உடல் சமச்சீராக இருக்க வேண்டும். இரு கைகளும் ஒரே சமயத்தில் பின்னுக்குப் போக வேண்டும். ஒரு கை முந்தினால் உடல் சாய்ந்து, விரியும் கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். முதுகுப்பையின் அடியில் உள்ள பைலட் சூட்டை (முதன்மைப் பாராசூட்டை வெளியே இழுக்கும் சிறு பாராசூட்டை) எடுத்துப் பக்கவாட்டுக் காற்றில் வீசியதும், சிறகுகளை மடக்கி நேராகக் காத்திருக்க வேண்டும். விரிந்தபின் கைச்சிறகின் ஜிப்பைக் கழற்றினால்தான் தலைக்கு மேலுள்ள கயிறுகளை எட்ட முடியும். கால்சிறகையும் கழற்றிவிட்டால் ஓடி இறங்கலாம்.

பாராசூட்டும் கருவிகளும்

விங்சூட்டின் பின்னால் காற்று கலங்கிய ஒரு நிழல் பகுதி உருவாகிறது. பைலட் சூட் அந்த நிழலைத் தாண்டிச் சுத்தமான காற்றைப் பிடிக்க வேண்டும் என்பதால், நீளமான இணைப்பு நாடாவும் பெரிய பைலட் சூட்டும் பயன்படுத்துகிறார்கள். பாராசூட் ஏழு அறைகள் கொண்ட, அமைதியாக விரியும் வகையாக இருப்பதே நல்லது. வேகப் போட்டிக்கான நீள்வட்டப் பாராசூட் இதற்குப் பொருந்தாது.

தானியங்கி விரிப்பான் பற்றிய ஒரு செய்தியை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும். குதிப்பவர் மயங்கிவிட்டாலோ விரிக்க மறந்தாலோ, இது தரைக்கு அருகில் ரிசர்வ் பாராசூட்டைத் தானே திறக்கும். பரவலாகப் பயன்படும் சைப்ரஸ் கருவியின் நிபுணர் வகை, ஏறத்தாழ 225 மீட்டர் உயரத்தில் இறங்குவேகம் வினாடிக்கு 35 மீட்டரைத் தாண்டியிருந்தால் இயங்கும். அதாவது மணிக்கு 126 கி.மீ. விங்சூட்டில் நன்கு பறப்பவர் அந்த வேகத்துக்குக் கீழேதான் இறங்குகிறார். கருவி அவரைப் பாராசூட்டில் பத்திரமாக இருப்பவராகவே எண்ணிக்கொள்ளக்கூடும். கருவியை அணிந்திருந்தும் அதை நம்ப முடியாத நிலை இது.

தலைக்கவசத்துக்குள் ஒலிக்கும் உயரமானி, கையில் கட்டும் உயரமானி, பாதையைப் பதிவு செய்யும் ஜி.பி.எஸ். கருவி ஆகியவை மற்றத் துணைகள். ஃப்ளைசைட் என்னும் சிறு ஜி.பி.எஸ். கருவி, பறக்கும்போதே சறுக்கு விகிதத்தையும் வேகத்தையும் காதில் ஒலியாகச் சொல்லும்.

வரலாறு

1912 பிப்ரவரி 4 அன்று பாரிஸ் தையல்காரர் ஃபிரான்ஸ் ரைஷெல்ட், தாமே தைத்த பாராசூட் உடையுடன் ஈஃபில் கோபுரத்திலிருந்து குதித்து இறந்தார். அமெரிக்கரான கிளெம் சோன் 1937-இலும், பிரெஞ்சுக்காரரான லியோ வாலண்டின் 1956-இலும் தங்கள் சிறகுகளோடு மாண்டார்கள். காற்று உப்பவைக்கும் நவீன உடையை 1990-களில் உருவாக்கியவர் பிரான்ஸின் பாட்ரிக் டி கயார்டோன். 1998 ஏப்ரலில் ஹவாயில் அவரும் இறந்தார். பின்லாந்தின் யாரி குவோஸ்மாவும் குரோஷியாவின் ராபர்ட் பெச்னிக்கும் 1999-இல் பேர்ட்மேன் நிறுவனத்தைத் தொடங்கி, பொதுவிற்பனைக்கு விங்சூட்டைக் கொண்டுவந்ததோடு, கற்பிக்கும் முறையையும் வகுத்தார்கள். இரண்டாவதாகச் சொன்னதே இந்த விளையாட்டைக் காப்பாற்றிய காரியம் என்பேன். துணிந்தவர்கள் முன்பும் இருந்தார்கள். பாடத்திட்டம்தான் இல்லாமல் இருந்தது.

2012 மே 23 அன்று இங்கிலாந்தில் கேரி கானரி பாராசூட்டே விரிக்காமல், 18,600 அட்டைப்பெட்டிகளை அடுக்கிய தளத்தின்மேல் இறங்கினார். 2016 மே 30 அன்று அமெரிக்காவின் கைல் லாப்ரீஸ் 32 கி.மீ. பறந்தார். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வரையுள்ள சாலைத் தூரத்தைவிட இது அதிகம். பின்னர் 2024-இல் சிலியின் செபாஸ்டியன் அல்வாரெஸ், 12,000 மீட்டருக்கு மேலிருந்து குதித்து 53 கி.மீ. பறந்து அந்தத் தூரத்தையும் மிஞ்சினார்.

சமூகமும் போட்டியும்

விங்சூட் சமூகம் சிறியது; ஒருவரை ஒருவர் அறிந்தது. கூட்டமாகப் பறப்பதே அதன் மையம். ஒருவர் தளமாக நிலையான வேகத்தில் பறக்க, மற்றவர்கள் அவரைச் சுற்றித் தங்கள் இடத்துக்கு வந்து அமைகிறார்கள். 2012 செப்டம்பரில் கலிபோர்னியாவின் பெரிஸில் 100 பேர் இப்படி ஒரே அமைப்பாகப் பறந்தார்கள். புதியவரை அழைத்துப் பறக்கும் மூத்தவர் தம் உடையின் முழுத் திறனைக் காட்டாமல், புதியவரின் வேகத்துக்கு இறங்கி வருவதே நாகரிகம்.

உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் முதல் விங்சூட் உலகச் சாம்பியன்ஷிப் 2016-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் நடந்தது. 1,000 மீட்டர் உயரம் கொண்ட ஓர் அடுக்கைக் கடக்கும்போது எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பது மூன்று தனிப் பந்தயங்கள். கலையழகுப் பிரிவும் உண்டு.

விமானத்திலிருந்து குதிப்பதையும் மலையிலிருந்து குதிப்பதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. மலைக் குதிப்பில் ரிசர்வ் பாராசூட் பொதுவாக இல்லை. பாறையை உரசியவாறு பறக்கும் பழக்கமும் சேரும்போது தவறைத் திருத்த நேரமே இருக்காது. 2015 மே மாதம் யோசெமிட்டியில் டீன் பாட்டர், கிரஹாம் ஹன்ட் ஆகிய இருவரும் ஒரே குதிப்பில் இறந்தார்கள். இணையத்தில் நாம் பார்த்து வியக்கும் காட்சிகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. கற்க விரும்பும் இளைஞர் அவற்றை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது.

இந்தியாவிலும் வல்லம் வட்டாரத்திலும்

இந்திய விமானப்படையின் ஆகாஷ் கங்கா ஸ்கைடைவிங் குழு 1987-இல் தொடங்கியது. 2019 ஜூலையில், கார்கில் போரின் இருபதாம் ஆண்டையொட்டி, விங் கமாண்டர் தருண் சௌத்ரி ஜோத்பூரில் எம்.ஐ.-17 ஹெலிகாப்டரிலிருந்து சுமார் 8,500 அடி உயரத்தில் விங்சூட்டில் குதித்தார். விமானப்படையில் இதுவே முதல்முறை. 2022 ஜூனில் வெளியான தேசிய வான்விளையாட்டு வழிகாட்டுதல்கள், பாராசூட் விளையாட்டுகளின் கீழ் விங்சூட்டையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன.

ஆனால் விதி இருப்பதும் கற்கும் வாய்ப்பு இருப்பதும் ஒன்றல்ல. அமெரிக்கப் பாராசூட் சங்க விதிப்படி விங்சூட் அணிவதற்குமுன் குறைந்தது 200 குதிப்புகள் முடித்திருக்க வேண்டும். பல நாடுகளிலும் ஏறக்குறைய இதே அளவுதான். அரியானாவின் நார்னோல் போன்ற மிகச் சில தளங்களே இந்தியாவில் உள்ள நிலையில், 200-ஐ எட்ட விரும்புவோர் பெரும்பாலும் தாய்லாந்து, துபாய் என வெளிநாடு போக வேண்டியிருக்கிறது. உலகச் சாதனைக்குச் சிகரம் கொடுத்த நாடு, தன் பிள்ளைகளுக்கு ஓடுதளமும் ஒரு சிறு விமானமும் கொடுக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

வல்லம், செஞ்சி, திண்டிவனம் சுற்றுப்புறத்தில் குதிப்பதற்கேற்ற இடம் செஞ்சி மலை என்றே பலருக்கும் தோன்றும். அது தவறு. செஞ்சிக் கோட்டை அமைந்த ராஜகிரி மலை அடிவாரத்திலிருந்து சுமார் 240 மீட்டர் உயரமே. பாறைகளும் படிப்படியாகச் சரிந்து இறங்குகின்றன. உடை காற்றை வாங்குவதற்குள் பறப்பவர் சரிவில் விழுந்துவிடுவார். கோட்டை பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னம் என்பதால் அங்கே குதிப்பதற்கு இடமே இல்லை. இந்த வட்டாரத்தின் உண்மையான வசதி அதன் சமவெளி. நெல்லும் மணிலாவும் அறுவடையான பின் கிடைக்கும் திறந்த வயல்கள் பாராசூட் இறங்க நல்ல தரை. பனைமரங்கள், மின்கம்பிகள், ஏரிகள், கல்குவாரிகள் ஆகியவை கவனிக்க வேண்டிய தடைகள்; ஏழு கி.மீ. நகரும் விங்சூட்காரர் இறங்குதளத்தைத் தவறவிட்டால் இவற்றுக்கு நடுவேதான் இடம் தேட வேண்டியிருக்கும். தெற்கே உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அதைப் போன்ற ஓடுதளத்தைச் செப்பனிட்டு, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதியும் இந்திய வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் பதிவும் பெற்று, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் முதலில் சாதாரண ஸ்கைடைவிங் பயிற்சியைத் தொடங்கலாம். விங்சூட் வகுப்பு அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, அங்கேயே 200 குதிப்பை முடித்தவர்களைக் கொண்டு அமையும்.