புதிரின் கடினத்தை அளந்த வரலாறு

சதுரங்கப் புதிர் ஒன்று கடினமானதா, எளிதானதா என்று தீர்ப்பளிக்க வேண்டியவர் யார்? அதனை இயற்றியவரா, அன்றி அவிழ்க்க முயன்றவரா? எளிதிற் போலத் தோன்றும் இவ்வினாவிற்கு விடைகாண ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

இந்தியாவிலே தோன்றிப் பாரசீகத்தின் வழியாக அராபியரை அடைந்த சதுரங்கம், ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாசியக் கலீபாக்களின் அவையிற் பெருமதிப்புப் பெற்றிருந்தது. அவ்வவையில் வல்லவராய் விளங்கிய அல் அத்லி என்பார் ஆட்டத்தின் இறுதி நிலைகள் பலவற்றைத் தொகுத்தார். வெல்லத்தக்கவை, சமநிலையில் முடிபவை, முடிவு துணியப்படாதவை என அவற்றை வகுத்தார். எனினும் இது முடிவு பற்றிய பாகுபாடேயன்றிக் கடினம் பற்றியதன்று.

பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஸ் சூலியோ, பழைய நிலை ஒன்றைக் காட்டி, தம்மிடம் பயின்றோரன்றி உலகில் எவரும் இதனை அவிழ்க்க இயலாது என்று எழுதிவைத்தார். பலகையில் நான்கே காய்கள். இரு தரப்பிலும் ஓர் அரசனும் ஓர் அமைச்சருமே. அக்காலத்து அமைச்சர் மூலைவாக்கில் ஒரு கட்டமே நகர்வார். இருந்தும் 1980களில் சோவியத் வல்லுநர் யூரி அவெர்பாக் விடைகாணும்வரை அப்புதிர் பிடிகொடுக்கவில்லை. காய்களின் தொகை கடினத்திற்கு அளவாகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அமெரிக்கரான சாம் லாயிட், கடினம் பிறிதோரிடத்தில் இருப்பதைக் காட்டினார். எக்காய் அரசனை மடக்கும் என்பதைத் தம்மால் எப்போதும் கண்டுகொள்ள முடியும் என்றிருந்த நண்பர் ஒருவரிடம், மடக்குவதற்கு மிகவும் இயலாத காயைச் சுட்டுமாறு லாயிட் கேட்டார். ஓர் இராப்போசனம் பந்தயம். நண்பர் தொடக்கக் கட்டத்திலேயே நின்ற காலாள் ஒன்றைச் சுட்டினார். 1861இல் இலண்டன் ஏடொன்றில் வெளியான அப்புதிரில், அக்காலாளே ஐந்து நகர்வுகளையும் நகர்ந்து, எதிர்க்கோடியை எட்டி உயர்வு பெற்று, அரசனை மடக்கியது. தடை பலகையில் இருந்ததிலும் பார்க்க மனத்தின் எதிர்பார்ப்பிலேயே மிகுதியாக இருந்தது.

மனத்தில் உள்ளதை எண்ணால் அளப்பது எங்ஙனம்? ஹங்கேரியிற் பிறந்து அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராய் இருந்த ஆர்பாட் ஈலோ, ஆட்டக்காரரின் வலிமையை வெற்றி தோல்விகளைக் கொண்டு மதிப்பிடும் முறையை வகுத்தார். 1960இல் அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனமும், 1970இல் உலகச் சம்மேளனமும் அதனை ஏற்றன. பின்னர், கணினி வழியே எண்ணிறந்தோர் புதிர்களை அவிழ்க்கத் தொடங்கியபோது, அம்முறையின் வழிவந்த கணக்குகள் புதிர்களுக்கும் பயன்பட்டன. புதிரும் ஓர் ஆட்டக்காரராய்க் கொள்ளப்பட்டது. அவிழ்ப்பவர் தவறினால் புதிருக்கு வெற்றி. அதன் மதிப்பெண் ஏறும். சரியாக அவிழ்த்தால் மதிப்பெண் இறங்கும். ஈலோவின் கணக்கின்படி இருவர் மதிப்பும் சமமாயின் வாய்ப்பு பாதி. அவிழ்ப்பவர் 200 புள்ளி மேம்பட்டவராயின் நூற்றுக்கு ஏறத்தாழ 76.

இவ்வளவையும் குறையற்றதன்று. விடை உண்டு என்று அறிந்து அமர்பவர்க்கு அவ்வறிவே ஒரு துணை. மெய்யான ஆட்டத்தில் அத்துணை கிட்டாது. மேலும், முன்னரே பழகிய அமைப்பு ஒருவர்க்கு எளிது. புதிதாய்க் காண்பவர்க்கு மலை. ஆகவே மதிப்பெண் என்பது முயன்றோர் பலரின் அனுபவத் தொகுப்பேயன்றிப் புதிரின் இயற்கைக் குணமன்று. பரீட்சை வினாக்களை வகுப்போர்க்கும் இவ்வரலாறு பயனுடையதாகும். வினாவின் கடினத்தை முடிவாக அறிவிப்பது ஆசிரியரின் கருத்தன்று, மாணவரின் விடைத்தாளேயாம்.