வடங்களில் தொங்கும் நீச்சல் மண்டபம்

ஆயிரங்கால் மண்டபங்களில் உலவிப் பழகிய நமக்குப் பெருமண்டபம் என்றதுமே தூண்கள்தாம் நினைவுக்கு வரும். கல் உத்திரம் நெடுந்தொலைவு தாவாது. ஆதலின் நம் முன்னோர் தூண்களை நெருங்க நிறுத்தி, அவற்றையே சிற்பங்களாக்கினர். 1964ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விழாவுக்கென டோக்கியோ நகரின் யோயோகியில் எழுந்த நீச்சல் மண்டபத்திலோ, குளத்தருகிலும் பார்வையாளர் நடுவிலும் கண்ணை மறைக்கும் தூண் ஒன்றுகூட இல்லை.

அந்நிலத்தின் வரலாறு கட்டடத்தினும் சுவையுடையது. ஒருகாலத்தில் அது ஜப்பானியப் படையின் அணிவகுப்புத் திடல். 1945இல் ஜப்பான் தோற்றபின், வென்ற அமெரிக்கப் படையினரின் குடும்பங்களுக்கு அங்கே வீடுகள் எழுந்தன. 'வாஷிங்டன் ஹைட்ஸ்' என்று பெயரும் இட்டனர். தம் தலைநகரின் நடுவே அயலார் குடியிருப்பைக் கண்டு வாழ்ந்த மக்களுக்கு, ஒலிம்பிக் விழாவை முன்னிட்டு அம்மண் மீண்டது. படைக்கும் பகைக்கும் உரியதாயிருந்த இடத்தில் நீராடுமிடம் அமைத்ததையே நாம் பெரிதாக மதிக்கிறோம். அதை வடிவமைத்த கென்சோ டாங்கே, குண்டால் அழிந்த ஹிரோஷிமாவில் அமைதி நினைவகம் சமைத்தவர் அன்றோ!

கூரை நிற்கும் விதத்தைக் கூறுவோம். 126 மீட்டர் இடைவெளியில் இரு காங்கிரீட் கம்பங்கள். அவற்றின்மேல் 33 சென்டிமீட்டர் பருமனுள்ள இரு எஃகு வடங்கள், தேர்வடத்தை எண்ணிக்கொள்ளலாம். நடுவே அவை சற்று விலகி வெளிச்சத்துக்கு வழிவிடுகின்றன; முனைகள் தரையில் கட்டுண்டிருக்கின்றன. வடங்களிலிருந்து இருபுறமும் பார்வையாளர் படிகளின் விளிம்புவரை கூரை சரிந்து இறங்குகிறது. டாங்கே விரும்பிய வளைவு வெறுங்கயிற்றுக்கு வசப்படாமையால், பொறியாளர் யோஷிகட்சு ட்சுபோய் எஃகுச் சட்டங்களைத் தொங்கவிட்டார். காற்றின் அதிர்வைத் தணிக்க எண்ணெய்க் கருவிகளும் பொருத்தினர்.

1963 பிப்ரவரியில் தொடங்கிய இவ்வேலை 1964 அக்டோபர் 10இல் விழா தொடங்குமுன் முடிந்தது. நம் குடியிருப்புகளில் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் மூடப்படும் நாளை எதிர்பார்த்திருந்தவர்கள் இதைப் படித்துப் பெருமூச்செறியலாம்.

அங்கே அமெரிக்கரான டான் ஷொலாண்டர் நான்கு தங்கம் வென்றார். ஆஸ்திரேலிய நங்கை டான் ஃப்ரேசர் 100 மீட்டர் போட்டியில் தொடர்ந்து மூன்றாம் முறை வாகை சூடினார். 1932இலும் 1936இலும் நீச்சலில் கொடிகட்டிய ஜப்பானியருக்கோ, தம் சொந்த மண்டபத்தில் தொடரோட்ட நீச்சலில் ஒரு வெண்கலமே வாய்த்தது.

டாங்கே 1987இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார். மண்டபம் 2021இல் ஜப்பானின் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நடந்த ஒலிம்பிக்கில் அங்கே கைப்பந்து ஆடினர்; நீச்சற் குளத்தின்மேல் தளம் போடப்பட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டன.