அச்ச உலகப் புதினங்களும் அவற்றைப் படித்தோரும்

வருங்காலத்தைப் பொன்னுலகாகப் புனைந்த நூல்கள் பழங்காலந்தொட்டே உண்டு. அதனையே பெருஞ்சிறையாகக் காட்டும் அறிவியல் புதினங்களோ இருபதாம் நூற்றாண்டிலேதான் தழைத்தன. அவற்றை எழுதியோர் வரலாற்றினும் படித்தோர் வரலாறு சுவை மிக்கது என்பது நம் கருத்து.

இவ்வகைக்கு வழிகாட்டியாகக் கருதப்படுவது, உருசிய எழுத்தாளர் எவ்கேனி சமியாத்தின் 1920-21இல் எழுதிய 'நாம்'. (இக்கட்டுரையில் நாமும் 'நாம்' என்றே பேசுகிறோம், அந்நூலைப் படித்த பின் அச்சொல்லை ஆளச் சற்றே கூசத்தான் செய்கிறது.) சமியாத்தின் கப்பற் பொறியாளர், முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பனியுடைக்கும் கப்பல்கள் கட்டுவதை மேற்பார்த்தவர். அவர் படைத்த நாட்டில் மாந்தர்க்குப் பெயரில்லை, எண்களே உண்டு. வீட்டுச் சுவர்கள் கண்ணாடியாலானவை. கற்பனை ஒரு நோயெனப்படும். அதனைச் சிகிச்சையால் நீக்கிவிடுவர். தாய்நாட்டில் அச்சேற வழியின்றி, நூல் 1924இல் நியூயார்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே முதலில் வெளிவந்தது. ஆசிரியர் 1931இல் ஸ்டாலினுக்கே மடல் எழுதி, விடைபெற்று வெளியேறி, 1937இல் பாரிசில் மறைந்தார்.

அந்நூலின் தலைசிறந்த வாசகர், நம் பீகார் மாநிலத்து மோதிகாரியில் 1903இல் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல். பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் அதனைப் படித்து, 1946 சனவரியில் 'டிரிப்யூன்' இதழில் மதிப்புரை எழுதினார். கொடுமை கொடுமைக்காகவே இழைக்கப்படும் என்பதை உணர்ந்தமையால் சமியாத்தின் ஆல்டஸ் ஹக்ஸ்லியை விஞ்சினார் என்பது அவர் தீர்ப்பு. ஆர்வெல்லின் '1984' வெளிவந்தது 1949 சூனில். கருவைக் கடன் வாங்கினார் என ஐசக் டாய்ச்சர் பின்னர்ச் சாடினார். ஆயினும் அத்தகைய நூலுக்குக் குறிப்பெடுத்து வருவதாக ஆர்வெல் 1944இலேயே, சமியாத்தினைப் படிக்கும் முன்னரே, மடலொன்றில் எழுதியிருக்கிறார். கடன் உண்டு, களவு இல்லை என்போம்.

அதே டாய்ச்சர் தரும் செய்தி ஒன்று நம்மை உலுக்குகிறது. நியூயார்க்கில் செய்தித்தாள் விற்ற ஒருவர், '1984'ஐப் படித்தால் போல்சுவிக்குகள்மீது அணுகுண்டு ஏன் போடவேண்டும் என்பது விளங்கும் என்று அவரிடம் பரிந்துரைத்தாராம்! தம் நூல் சோசலிசத்தின் மீதான தாக்குதல் அன்று என்று ஆர்வெல் 1949இலேயே தெளிவுபடுத்தியிருந்தார். அவ்விளக்கம் அவ்வாசகரை எட்டவில்லை போலும். வெறுப்பை ஓர் அரசு எவ்வாறு வளர்க்கிறது என்று காட்டிய நூலே ஒருவர் நெஞ்சில் வெறுப்பை வளர்த்தது!

இதற்கு நேர்மாறான வாசகர்களைப் போலந்துக் கவிஞர் செஸ்லாவ் மிலோஷ் 1953இல் வெளிவந்த தம் 'சிறைப்பட்ட உள்ளம்' என்னும் நூலில் காட்டுகிறார். கிழக்கு ஐரோப்பாவில் '1984'ஐப் பெறுவது அரிது, வைத்திருப்பதோ ஆபத்து. கட்சியின் உள்வட்டத்தார் சிலரே அதனை அறிந்திருந்தனர். உருசியாவில் வாழ்ந்தறியாத ஒருவர் தம் வாழ்வை இத்துணை நுட்பமாக எங்ஙனம் அறிந்தார் என அவர்கள் வியந்தனராம். தணிக்கை செய்யும் தரப்பினரே மறைவாகப் படித்துத் தம்மை அடையாளங் கண்டனர் என்பதைக் கருதும்போது, அவர்களை வெறுப்பதா, இரங்குவதா என்று நமக்குத் தோன்றவில்லை.

'நாம்' சோவியத் மண்ணில் அச்சேறியது 1988இல். சமியாத்தின் மறைந்து அப்போது ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.