ஆயில் ஃபில்டர்: கார் எஞ்சினில் எண்ணெய் ஓட்டமும் அழுத்தமும்

எஞ்சினுக்குள் சுற்றிவரும் எண்ணெயிலிருந்து உலோகத்தூள், கரி, மண் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கும் வடிகட்டியே ஆயில் ஃபில்டர். கார்கள் தோன்றி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இது இல்லாமலேயே ஓடின. 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் ஆயில் பம்ப்கூடக் கிடையாது. சுழலும் ஃபிளைவீல் வாரியிறைத்த எண்ணெய், ஒரு குழாய் வழியே எஞ்சினின் முன்பக்கம் போய்ச் சேர்ந்தது. அழுத்தம் என்று ஒன்று இல்லாததால் அதைக் காட்டும் மீட்டரும் இல்லை. ஓட்டுநர் காருக்கு அடியில் கைவிட்டு, மேலும் கீழுமாக இருந்த இரண்டு சிறு திருகுகளைத் திறந்து பார்ப்பார். கீழ்த் திருகிலும் எண்ணெய் சொட்டவில்லை என்றால் உடனே ஊற்றியாக வேண்டும்.

அமெரிக்கர்களான எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டும் ஜார்ஜ் கிரீன்ஹால்கும் உருவாக்கிய ‘பியூரோலேட்டர்’ ஃபில்டர் 1923இல் காப்புரிமை பெற்றது; 1924இல் கிறைஸ்லர் காரில் இடம்பிடித்தது. அது பக்கவழி வகை. பம்ப் தள்ளும் எண்ணெயில் சுமார் பத்தில் ஒரு பங்கு மட்டும் அதனுள் நுழைந்து, எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்குத் திரும்பும். மீதி வடிகட்டப்படாமல் நேரே பேரிங்குகளுக்குப் போகும். அரைகுறை ஏற்பாடுதான், ஆனால் காரணம் இருந்தது. அன்றைய அடர்த்தியான வடிகட்டிகள் வழியே மொத்த எண்ணெயையும் செலுத்தினால் பேரிங்குகள் வறண்டுவிடும். ஃபில்டர் முழுக்க அடைத்துக்கொண்டாலும் ஓட்டம் குறையாது, சுத்திகரிப்பு மட்டும் நின்றுபோகும்.

பிசின் ஏற்றி மடித்த காகிதம் வந்தபோதுதான் நிலைமை மாறியது. சிறிய டப்பாவுக்குள் பெரிய பரப்பை அடக்க முடிந்ததால் எண்ணெய் முழுவதையும் வடிகட்டி அனுப்பும் முழுஓட்ட வகை 1940களில் தலைகாட்டி, 1950களில் பரவியது. கையால் திருகி மாட்டும் ஃபில்டரை விக்ஸ் நிறுவனம் 1954இல் கொண்டுவந்தது. ஆனாலும் எல்லோரும் அவசரப்படவில்லை. 1955இல் ஷெவர்லே வெளியிட்ட புகழ்பெற்ற வி8 எஞ்சினின் பிளாக்கில் ஃபில்டருக்கு இடமே விடவில்லை. அது மறு ஆண்டுதான் வந்தது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வெறும் கம்பிவலையை வைத்தே பல பத்தாண்டுகள் ஓட்டியது.

முழுஓட்ட ஃபில்டர் எண்ணெயின் பாதையிலேயே குறுக்கே நிற்கிறது. இங்கேதான் அழுத்தம் பற்றிய குழப்பம் தொடங்குகிறது. ஆயில் பம்ப் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு எண்ணெயைத் தள்ளும். அழுத்தத்தைப் பம்ப் நேரடியாக உண்டாக்குவதில்லை. பேரிங்கின் நுண்ணிய இடைவெளி காட்டும் எதிர்ப்பால் பிறப்பது அது. சூடான எண்ணெய் நல்ல ஃபில்டர் வழியே போகும்போது இழக்கும் அழுத்தம் அற்பம். குளிர்ந்து கெட்டியான எண்ணெயோ, அடைத்த காகிதமோ என்றால் கதை வேறு. ஃபில்டரின் இரு பக்கத்துக்கும் இடையே வித்தியாசம் அரை பார் முதல் ஒன்றரை பார் வரை ஏறியதும் பைபாஸ் வால்வு திறந்து, எண்ணெயை வடிகட்டாமலே விட்டுவிடும். அழுக்கெண்ணெய் எஞ்சினைக் கொல்ல மாதங்கள் ஆகும், எண்ணெய் இல்லாமைக்குச் சில நிமிடங்கள் போதும் என்பதே இதன் நியாயம். பைபாஸ் வேலை செய்யாமல் ஃபில்டருக்கு முன்னால் அழுத்தம் ஏறிக்கொண்டே போனால், பம்ப்பின் ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெய் சம்ப்புக்கே திரும்பும். அப்போதுதான் பேரிங்குக்கான ஓட்டம் உண்மையில் குறைகிறது.

எனவே அழுத்த மீட்டரின் முள் இறங்கியதும் ஃபில்டரைக் குற்றம் சொல்வது பெரும்பாலும் வீண்பழி; தேய்ந்த பேரிங், குறைந்த எண்ணெய் அளவு, நீர்த்த எண்ணெய் ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும். முள் உயர்ந்திருப்பதும் நலத்துக்குச் சான்றல்ல. சென்சார் ஃபில்டருக்கு முன்னால் இருந்தால் அடைப்பே அழுத்தமாகத் தெரியும்.

பக்கவாட்டிலோ தலைகீழாகவோ பொருத்தும் ஃபில்டர்களில் ஒரு ரப்பர் வால்வும் உண்டு. எஞ்சின் நின்றபின் எண்ணெய் வடிந்து போகாமல் அது தடுக்கும். ரப்பர் இறுகிவிட்டால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி ‘கடகட’ என்று கேட்கும்.

2000களில் பல நிறுவனங்கள் டப்பாவை விட்டுவிட்டு, காகித உறுப்பை மட்டும் மாற்றும் பழைய முறைக்குத் திரும்பின. பைபாஸ் வால்வு சில எஞ்சின்களில் ஃபில்டருக்குள்ளேயும், வேறு சிலவற்றில் எஞ்சின் பிளாக்கிலும் இருக்கும். மரை பொருந்துகிறதே என்று வேறு எஞ்சினுக்கான ஃபில்டரை மாட்டினால், சில எஞ்சின்களில் பைபாஸே இல்லாமல் போய்விடும்.