ஆயத்த ஓசையும் சொந்த நாதமும்

மல்லேசுவரமாகட்டும், அல்சூராகட்டும், பாட்டு வகுப்பு நடக்கும் பெங்களூர் வீடுகளில் ஒரு மூலையில் சிறிய பெட்டியொன்று 'ஸ-ப-ஸ' என்று இழைந்துகொண்டிருப்பதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். இப்போது பல வீடுகளில் அந்த வேலையைக் கைப்பேசியே பார்த்துக்கொள்கிறது. அந்தப் பெட்டி பிறந்த ஊரும் இதுதான் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. எச்.ஏ.எல். நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979-இல் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். அவருடைய ராடெல் நிறுவனம் பின்னர் தாளப் பெட்டி, மின்னணு வீணை ஆகியவற்றையும் செய்தது.

புதுக் கருவி என்றாலே இங்கே ஒரு வழக்கு உண்டு. ஆர்மோனியத்தின் சுரங்கள் முன்கூட்டியே நிறுத்திவைக்கப்பட்டவை, அதில் கமகம் வராது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940-இல் அதை விலக்கியது. அந்த விலக்கு முப்பது ஆண்டு நீடித்தது. மின்னணுத் தம்புராவுக்கோ அப்படி ஒரு தடை நேரவில்லை. ஏன்?

தொடக்கக் காலப் பெட்டிகளில் மின்சுற்றே ஓசையை உண்டாக்கியது. தம்புராவின் குதிரையில் தந்திக்கடியில் செருகும் நூலை 'ஜீவா' என்போம். அந்த நூல் தரும் ரீங்காரத்தைச் சுற்றுகளால் போலச் செய்வது எளிதன்று. பின்னால் வந்த டிஜிட்டல் கருவிகள் உண்மைத் தம்புராவையே ஒலிப்பதிவு செய்து உள்ளே வைத்தன. ஆக, 'சேம்பிள்' எனப்படும் ஆயத்த ஓசை ஏதோ டிஸ்கோ கூடத்திலிருந்து நம் வீட்டுக்குள் வந்ததன்று. சங்கீத வகுப்பிலேயே, பாயின் ஓரத்திலேயே இருந்திருக்கிறது. நாமும் மறுக்கவில்லை. தம்புரா யாரையும் பின்தொடர வேண்டியதில்லை என்பதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாடுபவர்தான் அதை அண்டி நிற்கிறார்.

தாளக் கருவியின் கதை வேறு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன் பின் முழவும் நின்றதாக இளங்கோவடிகள் வரிசை சொல்கிறார். ஒன்று மற்றொன்றைக் கேட்டு நடக்க வேண்டும் என்பதே அங்கே இலக்கணம். தாளப் பெட்டிக்குக் காது கிடையாது. சாதகத்துக்கு அது போதும், கச்சேரிக்குப் போதாது. அதனால்தான் தம்புராப் பெட்டி மேடை ஏறியது. தாளப் பெட்டி வீட்டிலேயே தங்கிவிட்டது.

வெளியுலகில் இந்த வழக்கு இன்னும் பழையது. 1960-களில் இங்கிலாந்தில் நாடாவில் பதிந்த வயலின், குழல் ஓசைகளை வாசிக்கும் மெல்லோட்ரான் வந்தபோதே, பிழைப்பு போய்விடும் என்று அங்குள்ள இசைக்கலைஞர் சங்கம் கவலைப்பட்டது. 1979-இல் சிட்னியில் ஃபேர்லைட் கணினி எந்த ஓசையையும் பதிந்து சுரமாக்கிக் காட்டியது. தமிழ்த் திரையில் 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினி இசை அமைத்தார். 1992-இல் ஏ.ஆர். ரஹ்மானின் 'ரோஜா' வந்தபின் வீட்டு ஸ்டுடியோ என்பதே ஓர் ஆசையாகிவிட்டது. 2004-இல் ஆப்பிளின் கராஜ்பேண்ட் ஆயத்த லூப்புகளோடு வந்தது. அதிலிருந்த ஒரு டிரம் லூப்பின் மேல்தான் 2007-இல் உலகமே முணுமுணுத்த ரிஹானாவின் 'அம்பிரெல்லா' நிற்கிறது. ஆயத்தச் சரக்கில் நல்ல பாட்டு வராது என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

ஆனால் சரக்கில் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். என் அக்கா மகன் ஐ.டி. வேலை முடிந்த இரவுகளில் மடிக்கணினியில் இசை கோப்பவன். பொங்கல் விழாவுக்கு ஒரு பாட்டுப் போட்டுக் காட்டினான். பறை என்று சொன்னான். கேட்டால் டோலக் மாதிரி இருந்தது. "பேக்ல 'இந்தியன் பெர்கஷன்'னுதான் மாமா இருக்கு. காசு குடுத்து வாங்கினதுதானே, அதுல என்ன தப்பு?" என்றான். தப்பில்லைதான். ஆனால் அவன் வாங்கிய அந்தத் தொகுப்பில் தபலா நூறு விதமாக இருந்தது. தவில் இல்லை, உறுமி இல்லை. விற்பவர் எதைப் பதிந்தாரோ அதுவே 'இந்தியா' ஆகிறது. தீயில் காய்ச்சி, ஒரு தடித்த குச்சியும் ஒரு மெல்லிய குச்சியுமாக அடிக்கும் பறையின் ஓசையை வெளியூரில் வளரும் நம் பிள்ளைகள் இப்படித்தான் மாற்றிக் கேட்கிறார்கள். எனக்கு உறுத்துவது அதுதான்.

இன்னொன்று வாசித்தவரின் பங்கு. 1969-இல் 'தி வின்ஸ்டன்ஸ்' குழுவின் 'ஆமென், பிரதர்' பாடலில் கிரெகரி கோல்மன் தனித்து வாசித்த ஏழு நொடிக்கும் குறைவான டிரம் துண்டு ஆயிரக்கணக்கான பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டது. அவர் அதிலிருந்து ஒரு காசும் காணாமல் 2006-இல் இறந்தார். நம் நாட்டில் கலைஞர்க்குரிய உரிமை 1994 திருத்தத்தில்தான் பதிப்புரிமைச் சட்டத்தில் நுழைந்தது. 2012 திருத்தம் வணிகப் பயன்பாட்டில் ராயல்டியும் சேர்த்தது. என்றாலும் சேம்பிள் தொகுப்புக்கு வாசிப்பவர் பெரும்பாலும் ஒருமுறைக் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

மருமகனிடம் நான் சொன்னது இதுதான். மிருதங்கத்தின் வலந்தலையைப் பாடகரின் சுருதிக்குக் கூட்டித்தான் வாசிப்பார்கள். வேறு சுருதியில் பதிந்ததைக் கணினியில் நாலு கட்டை ஏற்றினால் பொம்மைச் சத்தம்தான் வரும். ஆகவே உன் பாட்டின் சுருதியிலேயே பதிவு செய். ஒரே சாப்பை மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி என்று பத்து இருபது தடவை வாங்கிக்கொள். ஒன்றையே திரும்பத் திரும்ப ஒட்டினால் காது கண்டுபிடித்துவிடும். அல்சூர்ப் பக்கம் ஆடி மாத அம்மன் கோயில் விழாக்களில் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், அரைநாள் கூப்பிடு. அரைநாள் கூலி அந்தத் தொகுப்பின் விலையைவிடக் கூடத்தான் ஆகும். லூப் வேண்டுமானால் உன் மெட்டை அவர் காதில் போட்டபடியே வாசிக்கச் சொல், அப்போதுதான் முழவு பின்தொடரும். பாட்டின் கீழே அவர் பெயரையும் போடு.

"மைக் வாடகைக்கு எங்க கிடைக்கும் மாமா?" என்று கேட்டிருக்கிறான்.