தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்கு?

நான் பள்ளியில் வரலாறு நடத்திய காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் 1857 பாடம் வரும். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாக்களால் சிப்பாய்கள் கொதித்தெழுந்தார்கள் என்று அதில் ஒரு வரி. அதை அடிக்கோடிடச் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவேன். ஒரு வருடம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், தோட்டாவுக்கு எதுக்கு சார் கொழுப்பு?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்கோ பதில் தெரியவில்லை. "பரீட்சைக்கு வராது, உட்காருடா" என்று அமர்த்திவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். அவனுக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்.

பழைய துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பாக இருக்கும். அதைவிடச் சற்றுச் சிறிய ஈய உருண்டையை வாய்வழியே போட்டால் உருண்டு உள்ளே போய்விடும். ஆனால் நூறு கஜத்துக்கு அப்பால் குறி தப்பும். குழலுக்குள் சுருள் வரிகள் வெட்டினால் குண்டு சுழன்று நேராகப் பாயும். அதுதான் ரைஃபிள். அதற்குக் குண்டு வரிகளை இறுகப் பற்றிக்கொண்டு போக வேண்டும். ஈயமோ மெத்தென்ற உலோகம், குழலில் அப்பிக்கொள்ளும். கரிமருந்து எரிந்த கசடும் உள்ளே படிந்து இறுகும். சில முறை சுட்டதுமே அடுத்த குண்டு இறங்க மறுக்கும். கசடை இளக்கவும் குண்டு வழுக்கிப் போகவும்தான் கொழுப்பு.

அமெரிக்காவின் வேட்டைக்காரர்கள் ஈயத்தை வீட்டு அடுப்பிலேயே உருக்கி, அச்சில் ஊற்றிக் குண்டு செய்துகொண்டார்கள். கொழுப்பு தடவிய சிறு துணியில் அதைச் சுற்றிக் குழலுக்குள் இடித்து இறக்கினார்கள். என்ன கொழுப்பு என்பது அவரவர் விருப்பம். அதைத் தொடப்போகிறவனே அதைத் தேர்ந்தெடுத்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1840களின் இறுதியில் மினியே என்ற பிரெஞ்சு அதிகாரி, அடிப்பக்கம் குழிவான கூம்புக் குண்டு ஒன்றைப் புகழ்பெறச் செய்தார். உள்ளே சுலபமாக இறங்கும். மருந்து வெடித்ததும் அடிப்பக்கம் விரிந்து வரிகளைப் பற்றிக்கொள்ளும். இந்த வழியில் வந்ததுதான் 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள். குழல் விட்டம் 0.577 அங்குலம். குண்டு சுமார் 34 கிராம். மருந்தும் குண்டும் ஒரே காகிதச் சுருளில் இருக்கும். சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைக் காகிதத்தோடு உள்ளே தள்ள வேண்டும். அந்தக் காகிதத்தின் வெளிப்புறத்தில் கொழுப்பு. இப்போது அதைத் தேர்ந்தெடுப்பது தொழிற்சாலை. கடிப்பது சிப்பாய்.

1853இல் கொழுப்பு தடவிய தோட்டாக்களை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். எதற்கு? இங்குள்ள வெயிலை அந்தக் கொழுப்பு தாங்குமா என்று பார்க்க. அப்போதே வங்காளப் படையின் அட்ஜுடன்ட் ஜெனரல் கர்னல் டக்கர், சாதிக்கு ஒவ்வாத கொழுப்பு இல்லை என்று உறுதியாகாதவரை இதை இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதினார். அந்த எச்சரிக்கை கோப்பிலேயே தங்கிவிட்டது. கொழுப்பு உருகுமா என்று சோதித்தவர்கள், அதைக் கடிக்கப்போகிறவனைக் கேட்கவில்லை. பின்னர் கல்கத்தா பக்கம் தோட்டா செய்தபோதும் கொழுப்பு ஒப்பந்தக்காரரிடமிருந்து வந்தது. எந்த மிருகத்தினுடையது என்று யாரும் கவனிக்கவில்லை.

நம் வேலூரை நினைத்துப் பாருங்கள். 1806இல் தோல் சேர்த்த புதிய தலைப்பாகை, நெற்றிக் குறிக்குத் தடை என்று உத்தரவு போட்டார்கள். மறுத்த சிப்பாய்கள் இருவருக்குத் தலா 900 கசையடி. ஜூலை 10 அன்று கோட்டை ரத்தமயமானது. கவர்னர் பெண்டிங்கையே திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அந்தப் பாடம் ஐம்பது வருடத்தில் மறந்துபோயிற்று.

1857 ஜனவரியில் டம்டமில் ஒரு தொழிலாளி, பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் செம்பில் தண்ணீர் கேட்டார். அவர் மறுத்தார். "பசுக் கொழுப்பையும் பன்றிக் கொழுப்பையும் கடிக்கப்போகிறீர்கள், அப்புறம் உங்கள் சாதி எங்கே இருக்கும்?" என்ற பொருளில் தொழிலாளி கேட்டதாக மேலதிகாரிகளுக்குச் செய்தி போனது. பேச்சு படை முழுக்கப் பரவியது. பாரக்பூரில் இருந்த ஜெனரல் ஹெர்சே, வேண்டியதைச் சிப்பாய்களே கடைத்தெருவில் வாங்கித் தடவிக்கொள்ளட்டும் என்று யோசனை சொன்னார். ஜனவரி 27 அன்று அரசும் ஒப்புக்கொண்டது. தேன்மெழுகும் எண்ணெயும் போதும். மார்ச்சில், பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்றும் சொன்னார்கள்.

தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் தேன்மெழுகு ஒன்றும் மட்டமில்லை. மாட்டுக் கொழுப்பு 40, 50 டிகிரியிலேயே இளகிவிடும். தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் வெயிலுக்கு அதுவே பொருத்தம். தீர்வு முதலிலிருந்தே கடைத்தெருவில் இருந்தது.

ஆனால் நம்பிக்கை போய்விட்டது. "காகிதம் பளபளக்கிறதே, அதிலேயே கொழுப்பு இருக்கிறது" என்றார்கள் பாரக்பூர்ச் சிப்பாய்கள். காகிதத்தைச் சோதித்து, இல்லை என்று சொன்னபோதும் ஏற்கவில்லை. பிப்ரவரி 26 அன்று பெர்ஹாம்பூரில் 19ஆம் படைப்பிரிவு தோட்டாவை வாங்க மறுத்தது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் குதிரைப்படையினர் 90 பேரில் 85 பேர் மறுத்தார்கள். மே 9 அன்று அவர்களைப் படையின் முன்னால் நிறுத்தி விலங்கு பூட்டினார்கள். மறுநாள் கிளர்ச்சி வெடித்தது. பெர்ஹாம்பூரிலும் மீரட்டிலும் கொடுக்கப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்கள். அவற்றில் புதிய கொழுப்பே கிடையாது.

இதைப் படித்த அன்று நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மூடத்தனத்தால் எழுந்த கலவரம் என்பதுபோல அந்த ஒரு வரியை இத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன். அந்தச் சிப்பாய்களின் சந்தேகத்துக்கு ஆதாரம் இருந்தது. அதைத் தீர்த்துவைக்க மூன்று வருட அவகாசமும் இருந்தது. மாற்றுக் கொழுப்பைக் கண்டுபிடிக்கவும் வேண்டியிருக்கவில்லை. முன்கூட்டியே அவர்களைக் கேட்டிருந்தால் போதும். நிலத்தைப் பறித்தது, அவத்தை விழுங்கியது, படிகளை வெட்டியது என்று வேறு கோபங்களும் மண்டிக் கிடந்தன, உண்மைதான். இருந்தாலும் நெருப்புக்குச்சியை எடுத்துக் கொடுத்தது அதிகாரிகள்தான்.

அந்தப் பையன் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. இப்போது அவனுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். எங்காவது இதைப் படித்தால், தம்பி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். அன்று உட்காரச் சொன்னதற்கு மன்னித்துக்கொள்.